படுக்கப் போகும் நேரத்துக்கு எந்த இசை? ஷோப்பான், சத்தி, பாக், ஆர்கெஸ்ட்ரா

மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு ராத்திரி. மகளுக்கு அப்போது நான்கு வயது, தூங்க மாட்டேன் என்று அடம். போனில் பேத்தோவனின் ‘மூன்லைட் சொனாட்டா’வைப் போட்டு மேஜைமேல் வைத்தேன். முதல் பகுதி ஐந்தாறு நிமிடம். மூன்று மூன்றாக உருண்டுகொண்டே போகும் அந்தச் சுரங்களில் அவள் தூங்கிவிட்டாள், பக்கத்தில் எனக்கும் கண் சொருகியது. இரண்டாவது பகுதி குட்டி, வந்ததும் தெரியவில்லை போனதும் தெரியவில்லை. மூன்றாவது பகுதி தொடங்கியபோது யாரோ மாடிப்படியில் பாத்திரங்களை உருட்டிவிட்ட மாதிரி இருந்தது. பிள்ளை அலறிக்கொண்டு எழுந்தாள். மறுபடி தூங்க வைக்க ஒரு மணி நேரம்.

பேத்தோவனைக் குற்றம் சொல்ல முடியாது. 1801-ல் அதை எழுதியபோது அவர் நிலா என்று எந்தப் பெயரும் வைக்கவில்லை. அவர் இறந்த பிறகு ரெல்ஷ்டாப் என்ற விமர்சகர் முதல் பகுதியை ஏரிமேல் விழும் நிலவொளிக்கு ஒப்பிட்டார், பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரையும் முதல் இரண்டு நிமிடத்தையும் நம்பிப் போட்டது நான்.

அதற்கப்புறம் யாராவது “ராத்திரி கேட்க அமைதியா, கொஞ்சம் ரொமான்டிக்கா மேற்கத்திய செவ்வியல் இசை ஏதாவது சொல்லுங்களேன்” என்று கேட்டால் உடனே பெயர் சொல்வதில்லை. தூங்கவா, பேசிக்கொண்டிருக்கவா, இல்லை விழித்திருந்து கேட்கவா என்று திருப்பிக் கேட்கிறேன். மூன்றுக்கும் ஒரே இசை சரிவராது.

‘ரொமான்டிக்’ என்ற சொல்லிலேயே ஒரு பொறி இருக்கிறது. அதைத் தட்டித் தேடினால் மெழுகுவத்தி வெளிச்சத்துக்கேற்ற இசை வரும் என்று நினைப்போம். மேற்கத்திய இசைக்காரர்களுக்கு அது ஒரு காலகட்டத்தின் பெயர், ஏறக்குறைய 19-ஆம் நூற்றாண்டு முழுக்க. காதலோடு சேர்த்து ஆவேசம், புயல், பேய், சாவு என்று எல்லா உணர்ச்சியையும் கடைசி எல்லைவரை இழுத்துப் பார்த்த காலம் அது. அதே பெயரின் கீழ் பெர்லியோஸின் 1830-ஆம் வருட சிம்ஃபனியும் (பெரிய வாத்தியக் குழுவுக்கான நீண்ட படைப்பு) வந்து நிற்கும். அதன் கடைசிப் பகுதியில் சூனியக்காரிகள் கூடி ஆடுகிறார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் சத்தத்தின் ஏற்ற இறக்கம். சினிமாப் பாட்டைப் பதிவு செய்யும்போது மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள், பஸ்ஸிலும் டீக்கடையிலும் கேட்க வேண்டுமே. செவ்வியல் ஒலிப்பதிவில் அந்த வேலை குறைவு. மெல்லிய இடம் நிஜமாகவே மெல்லியது. ஃபேன் ஐந்தில் ஓடும் அறையில் அது காதில் விழாது, வால்யூமைக் கூட்டுவோம். மூன்று நிமிடம் கழித்து உரத்த இடம் வந்து பக்கத்து வீட்டையும் எழுப்பும்.

அடுத்தது நடுப்பகுதி. 19-ஆம் நூற்றாண்டுப் பியானோ உருப்படிகளில் பலவும் அமைதி, கலவரம், மறுபடி அமைதி என்ற அமைப்பில் எழுதப்பட்டவை. மாதிரிக்கு முதல் நிமிடத்தை மட்டும் கேட்டுவிட்டு ‘ஆஹா’ என்று சேர்த்துக்கொண்டால் அந்த நடுப்பகுதியில் மாட்டிக்கொள்வோம். என் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம்.

அப்புறம் கவனம்: அந்த இசை நம் மனதைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறதா, இல்லை நம் பாட்டுக்கு இருக்க விடுகிறதா? கடைசியாக, அது முடிந்ததும் தானாக என்ன ஓடும் என்பது. சிம்ஃபனியில் ஒரு பகுதி தேனாக இருக்கும், அடுத்ததைத் தொடங்குவதே ஊதுகொம்பாக இருக்கும்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஓர் அட்டவணை. இதில் வரும் ஷோப்பான், சத்தி, டெபூசி, பாக் நால்வரும் மேற்கத்திய இசையமைப்பாளர்கள். விவரம் கீழே.

| வகை | சத்த ஏற்ற இறக்கம் | ஒளிந்திருக்கும் செலவு | எதற்கு நல்லது |
|---|---|---|---|
| ஷோப்பான் நாக்டர்ன்கள் | நடுத்தரம், சிலவற்றில் அதிகம் | நடுவில் வரும் புயல் | இருவர் சும்மா உட்கார்ந்திருக்க |
| சத்தி, டெபூசி | குறைவு | ஃபேன் சத்தத்தில் காணாமல்போகும், சீக்கிரம் சலிக்கும் | பேச்சு, சாப்பாடு, வாசிப்பு |
| பாக் | குறைவு, சீரானது | மூளையை வேலை வாங்கும் | அலைபாயும் மனதுக்கு |
| ஆர்கெஸ்ட்ராவின் மெதுவான பகுதிகள் | மிக அதிகம் | அடுத்த பகுதி, நல்ல ஸ்பீக்கர் | விழித்திருந்து கேட்க |

## ஷோப்பான்: காதல் நிறைய, அமைதிக்கு உத்தரவாதம் இல்லை

எழுத்தைப் பார்த்துச் ‘சோபின்’ என்று சொல்பவர்கள் உண்டு. போலந்தில் பிறந்து பாரிஸில் வாழ்ந்தவர், பிரெஞ்சு உச்சரிப்பில் ஷோப்பான். நாக்டர்ன் என்றால் இரவுக்குரியது. டப்ளினில் பிறந்து ரஷ்யாவில் வாழ்ந்த ஜான் ஃபீல்ட் பியானோவுக்காக உருவாக்கிய அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு ஷோப்பான் 21 நாக்டர்ன்கள் எழுதினார். அவற்றில் 18 அவர் வாழ்நாளிலேயே அச்சாகிவிட்டன.

எல்லாரும் தொடங்குவது ஓபஸ் 9, எண் 2-ல் (ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்). 1832-ல் வெளிவந்தது, நாலரை நிமிடம். இடது கை கீழே ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு மேலே இரண்டு முறை மெல்லத் தட்டும். கிட்டத்தட்ட முடிவுவரை அதே நடைதான். அதற்கு மேலே வலது கை பாடுகிறது. ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு நெளிவு, ஒரு குழைவு சேர்ந்திருக்கும். கச்சேரியில் பல்லவி வரிக்குச் சங்கதி அடுக்குவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இதைப் பிடித்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும். ஷோப்பானுக்கு இத்தாலிய ஓபரா பாடகர்கள்மேல் பெரிய மோகம். பியானோ பாட வேண்டுமென்றால் அவர்களைப் போய்க் கேளுங்கள் என்று மாணவர்களை அனுப்புவாராம்.

இதை நம்பி 21-ஐயும் வரிசையாக ஓடவிட்டால் ஓபஸ் 15, எண் 1-ல் அகப்படுவோம். முதலில் தொட்டில் ஆட்டுவதுபோல் ஆரம்பிக்கும். நடுவில் ‘நெருப்போடு’ என்று குறித்து ஒரு கொதிப்பை வைத்திருக்கிறார். ஓபஸ் 48, எண் 1 இன்னும் மோசம். மோசம் என்றது தூக்கத்தின் கணக்கில். இசையாக அது அவருடைய உச்சங்களில் ஒன்று, நடுவில் இரண்டு கையும் கட்டைகளின்மேல் இடியாக இறங்கும். அதைப் பகலில் கேளுங்கள்.

ராத்திரிக்கு என் தேர்வு ஓபஸ் 27, எண் 2. இடையில் குரல் கொஞ்சம் உயரும், ஆனால் சண்டை கிடையாது. இறங்கி வந்து கரைந்து முடியும். தூக்கம்தான் வேண்டுமென்றால் ஷோப்பானின் நாக்டர்ன்களையே விட்டுவிட்டு அவருடைய ‘பெர்சூஸ்’, ஓபஸ் 57-க்குப் போகலாம். பெர்சூஸ் என்றால் தாலாட்டு. இடது கை ஏறக்குறைய முழுக்க ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது, தம்புரா மீட்டுவதுபோல. வலது கைதான் அதன்மேல் நூல் நூலாகக் கோலம் போடுகிறது. திடுக்கிட வைக்கும் இடமே கிடையாது. மகளிடம் இரண்டு வருடமாகச் சோதித்துவிட்டேன்.

வாசிப்பவரைப் பொறுத்தும் மாறும். சிலர் ஒவ்வொரு சுரத்திலும் நின்று பெருமூச்சு விடுவார்கள், கேட்பவருக்கு மூச்சு முட்டும். ஆர்தர் ரூபின்ஸ்டைன் 1960-களில் பதிவு செய்த தொகுப்பில் அந்த மிகை இல்லை. முதல் முறை கேட்பவருக்கு அதைத்தான் சொல்வேன்.

## சத்தியும் டெபூசியும்: பேச்சுக்கு இடம் விடும் இசை

எரிக் சத்தி இந்த விஷயத்தில் மற்ற எல்லாரையும் விட நேர்மையானவர். இசையைக் கவனிக்க வேண்டாம், அது நாற்காலி மேஜை மாதிரி அறையில் இருந்தால் போதும் என்று வெளிப்படையாகச் சொன்ன மனிதர். அதற்கு அவர் வைத்த பெயரே ‘தட்டுமுட்டு இசை’. 1920-ல் பாரிஸின் ஓர் ஓவியக் கூடத்தில் நாடக இடைவேளையின்போது அதை வாசிக்கவிட்டார். வாத்தியம் தொடங்கியதும் ஜனங்கள் மரியாதையாகப் பேச்சை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்கள். சத்தி அங்குமிங்கும் ஓடி, பேசுங்கள், நடங்கள், கேட்காதீர்கள் என்று கெஞ்சினாராம். யாரும் மசியவில்லை.

அந்தத் தட்டுமுட்டு இசையை இன்று யாரும் அதிகம் கேட்பதில்லை. 1888-ல் அவர் எழுதி முடித்த மூன்று ‘ஜிம்னோபெடி’களில் முதலாவது அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. மூன்றரை நிமிடம் இருக்கும். தொடக்கத்தில் இடது கையில் இரண்டே சுரக்கூட்டுகள் ஊஞ்சல்போல் மாறி மாறி வரும், மேலே ஒரு மெட்டு அவசரமே இல்லாமல் நடந்து போகும். அதன்மேல் பேசலாம், சாப்பிடலாம், மாவு பிசையலாம், எதற்கும் இடைஞ்சல் செய்யாது. ஆனால் மெட்டின் தலையில் சத்தி எழுதி வைத்த குறிப்பு ‘மெதுவாக, வலியோடு’. ஏற்கெனவே மனசு பாரமாக இருக்கும் நாளில் அந்த இரண்டாவது சொல் வேலை செய்ய ஆரம்பித்துவிடும். தவிர, விளம்பரங்களிலும் சினிமாக்களிலும் போட்டுத் தேய்த்த உருப்படி இது, பத்தாவது தடவைக்கு மேல் சலிக்கும். அப்போது ‘நொஸ்ஸியென்’களுக்கு மாறுங்கள். அதே மனிதர்தான், கொஞ்சம் கிழக்கத்திய வாசனை.

டெபூசியின் ‘கிளேர் தெ லூன்’ பெயரிலேயே நிலவொளி இருக்கிறது, இந்தப் பெயர் அவரே வைத்தது. வெர்லேன் என்ற பிரெஞ்சுக் கவிஞரின் கவிதைத் தலைப்பு அது. 1890 வாக்கில் தொடங்கி 1905-ல்தான் வெளியிட்டார். பேத்தோவனுடைய நிலாவுக்கு இருக்கும் மறுபக்கம் இதற்கு இல்லை. நடுவில் நீர் ஓடுவதுபோல் சுரங்கள் வேகமெடுக்கும், யாரையும் எழுப்பாது. காதலுக்கும் அமைதிக்கும் ஒரே ஒரு உருப்படி சொல் என்று கழுத்தில் கத்தி வைத்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. இது ஆரம்பிப்பதே ‘மிக மெல்ல’ என்ற குறிப்போடு. போன் ஸ்பீக்கரில், ஃபேனுக்குக் கீழே, முதல் அரை நிமிடம் இசை ஓடுகிறதா என்பதே தெரியாது. ஃபேனை இரண்டுக்குக் குறைக்க வேண்டும், அல்லது இயர்ஃபோன். சென்னையில் மே மாதம் இயர்ஃபோன்தான் நடக்கும்.

## பாக்: காதல் இல்லை, ஆனால் மனசு அடங்கும்

பாக்கின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ 1741-ல் அச்சானது. தூக்கமில்லாமல் தவித்த கைஸர்லிங் என்ற பிரபுவுக்காக எழுதப்பட்டது, அவரிடமிருந்த கோல்ட்பெர்க் என்ற இளைஞன் ராத்திரிகளில் வாசித்துக் காட்டினான் என்று கதை. ஃபோர்கல் 1802-ல் எழுதிய பாக் வாழ்க்கை வரலாற்றில் இருப்பது. அழகான கதை, நம்பத்தான் கஷ்டம். அச்சான பிரதியில் அந்தப் பிரபுவுக்குச் சமர்ப்பணம் கிடையாது, கோல்ட்பெர்குக்கு அப்போது 14 வயது. விரல் சிக்கும் சில பகுதிகளைக் கேட்டால், இதை யார் எவரைத் தூங்க வைக்க வாசிப்பார்கள் என்றுதான் தோன்றும்.

முதலில் வரும் ‘ஏரியா’ மெதுவானது, நிம்மதியானது. அதைத் தொடர்ந்து 30 மாறுபாடுகள், கடைசியில் அதே ஏரியா மறுபடி. ஏரியா முடிந்த கையோடு முதல் மாறுபாடு துள்ளிக்கொண்டு வரும். திடுக்கிட வைக்கும் சத்தம் இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று குரல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே போகும். காது அதன் பின்னால் போனால் தூக்கம் போச்சு. ஆனால் ஆபீஸ் பிரச்சினை மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் ராத்திரிகளில் இதுவே மருந்து. மனசுக்குப் பிடித்துக்கொள்ள வேறொரு நூல் கிடைக்கிறது, அரைமணி நேரத்தில் அந்தப் பிரச்சினை எங்கே விட்டோம் என்று தேட வேண்டியிருக்கும்.

க்ளென் கூல்ட் இதை இரண்டு முறை பதிவு செய்தார். 1955-ல் சுமார் 38 நிமிடத்தில் பறந்தார், 1981-ல் அதே இசைக்கு 51 நிமிடம் எடுத்துக்கொண்டார். ராத்திரிக்கு இரண்டாவது. வாசிக்கும்போது கூடவே முனகும் பழக்கம் அவருக்கு உண்டு, இயர்ஃபோனில் நன்றாகக் கேட்கும். எனக்கு அது துணைக்கு ஆள் இருப்பதுபோல் இருக்கிறது. என் மனைவிக்குக் கேட்டாலே எரிச்சல்.

துரத்தலே வேண்டாம் என்றால் பாக்கின் செல்லோ சூட்டுகள் (செல்லோ என்ற பெரிய தந்தி வாத்தியத்துக்கான உருப்படித் தொகுப்புகள்), முதல் சூட்டின் முன்னுரைப் பகுதியிலிருந்து. ஒரே வாத்தியம், துணைக்கு எதுவும் கிடையாது, வில் கம்பியில் உரசும் சத்தம்கூடக் கேட்கும். பாப்லோ கஸால்ஸ் 13 வயதில் பார்சிலோனாவின் பழைய கடை ஒன்றில் இவற்றின் அச்சுப் பிரதியைக் கண்டெடுத்தார். உலகம் இவற்றைக் கவனிக்க ஆரம்பித்தது பெரும்பாலும் அவரால்தான். இதற்கும் ஒரு செலவு உண்டு. போன் ஸ்பீக்கருக்குக் கீழ்ச் சுரங்கள் வராது. செல்லோவின் நெஞ்சே அங்கேதான் இருக்கிறது, போனில் கேட்டால் மூக்கால் பாடுவதுபோல் இருக்கும்.

பாக் நமக்கு அந்நியமாக இருப்பாரோ என்று தயங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. இளையராஜா 1986-ல் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சேர்த்தே காணிக்கை ஆக்கினார். அவருடைய வயலின் கூட்டங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் பாக்கின் வீட்டுத் திண்ணையில் ஏற்கெனவே உட்கார்ந்தவர்கள்தான்.

## ஆர்கெஸ்ட்ராவின் மெதுவான பகுதிகள்: விழித்திருப்பவர்களுக்கு

காதல் என்று பார்த்தால் மற்ற மூன்றும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. 1870 டிசம்பர் 25 காலை, லூசர்ன் ஏரிக்கரை வீட்டில் கோஸிமா தூங்கிக்கொண்டிருந்தார். முந்தின நாள் பிறந்தநாள், கொண்டாடுவது கிறிஸ்துமஸ் அன்று. கணவரான இசையமைப்பாளர் வாக்னர் ரகசியமாக ஒத்திகை பார்த்து, ஒரு சின்ன வாத்தியக் குழுவை வீட்டு மாடிப்படியிலேயே நிறுத்தி வாசிக்கவிட்டார். கோஸிமா கண் விழித்தது அந்த இசையில்தான். அதுதான் ‘சீக்ஃப்ரீட் இடில்’. வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க நினைத்ததைச் சில வருடம் கழித்துப் பணமுடையில் பதிப்பாளரிடம் விற்க வேண்டியதாயிற்று. சுமார் 20 நிமிடம். மெல்லத் தொடங்கி, ஓரிடத்தில் நன்றாக உயர்ந்து, மெல்ல முடியும். திருமண நாள் ராத்திரிக்கு இதை யோசிக்கலாம்.

மாலரின் ஐந்தாவது சிம்ஃபனியில் வரும் ‘அடாஜியெட்டோ’ இன்னொரு காதல் கடிதம். மனைவி ஆல்மாவுக்காக எழுதியது என்று மாலரின் நண்பரும் நடத்துனருமான மெங்கெல்பெர்க் தன் பிரதியில் குறித்து வைத்திருக்கிறார். தந்தி வாத்தியங்களும் ஹார்ப்பும் மட்டும். ஏழெட்டு நிமிடத்தில் வாசித்தால் ஏக்கம். அதையே பன்னிரண்டு நிமிடம் இழுத்து நடத்துபவர்களும் உண்டு, அப்போது இழவு வீட்டு நிழல் விழுந்துவிடும். 1968-ல் ராபர்ட் கென்னடியின் இறுதிச் சடங்கில் பெர்ன்ஸ்டைன் நடத்தியது இதைத்தான். அதனால் இந்த உருப்படியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் நடத்துனரின் பெயருக்கு முன் நிமிடக் கணக்கைப் பார்க்கிறேன்.

ரக்மானினோவின் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோவின் (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) நடுப்பகுதியும் இந்த வகைதான். முதல் சிம்ஃபனி 1897-ல் படுதோல்வி அடைந்து, எழுதவே முடியாமல் முடங்கிக் கிடந்தவர், டால் என்ற மருத்துவரிடம் சிகிச்சை பெற்று மீண்டு எழுதியது. அவருக்கே சமர்ப்பித்தார்.

செலவுதான் இங்கே அதிகம். ஏற்ற இறக்கம் பெரிது, போனில் பாதி வராது, அடுத்த பகுதி ராணுவ அணிவகுப்புபோல் உள்ளே நுழையும். மொஸார்ட் இந்த வகையில் கொஞ்சம் பாதுகாப்பானவர். 21-ஆம் பியானோ கான்செர்ட்டோவின் நடுப்பகுதியில் வயலின்களின் வாயை மூடி வாசிக்கச் சொல்லியிருக்கிறார். கிளாரினெட் கான்செர்ட்டோவின் அடாஜியோ (மெதுவான பகுதி) அவர் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு எழுதியது, ஏழு நிமிடம். இவ்வளவு எளிதாக மூச்சுவிடும் இசை வேறு எனக்குத் தெரியாது. நாலே வாத்தியம் போதும் என்பவர்கள் போரோதினின் இரண்டாவது குவார்ட்டெட்டில் மூன்றாவது பகுதியைத் தேடுங்கள். ரசாயனப் பேராசிரியர், ஓய்வு நேரத்தில் இசை எழுதியவர், 1881-ல் மனைவிக்கு அர்ப்பணித்தது.

## போட்ட பிறகு கெடுப்பவை

‘பத்து மணி நேர அமைதி இசை’ என்று கிடைப்பவற்றை நான் தவிர்க்கிறேன். பலவற்றில் வாசித்தவர் பெயரே இருக்காது, நல்ல உருப்படியின் பக்கத்தில் நடுப்புயல் உருப்படியும் ஒட்டிக்கொண்டிருக்கும். இலவசக் கணக்கில் கேட்டால் சத்திக்கும் டெபூசிக்கும் நடுவில் வீட்டுமனை விளம்பரம் உச்சக் குரலில் வரும். முன்கூட்டியே தரவிறக்கி, கலைத்துப் போடும் வசதியை நிறுத்தி, நாலைந்து உருப்படியைச் சொந்தமாக வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டால் போதும். தூக்கத்துக்கான வரிசையில் கடைசியில் இருப்பது மெல்ல முடிவதாக இருக்கட்டும். டைமர் வைத்துப் பாதியில் அறுத்தால் அந்தத் திடீர் மௌனத்திலேயே முழிப்பு வந்துவிடும்.

வால்யூமை வரிசையிலேயே மிக உரத்த இடத்தைப் போட்டு முடிவு செய்யுங்கள், தொடக்கத்தை வைத்துச் செய்யாதீர்கள். எங்கள் வீட்டு வரிசை இப்போது இது: ஜிம்னோபெடி முதலாவது, கிளேர் தெ லூன், மொஸார்ட்டின் அடாஜியோ, கடைசியில் பெர்சூஸ். மொத்தம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். மகள் பெரும்பாலும் மொஸார்ட்டைத் தாண்டுவதில்லை. பேத்தோவனின் முதல் பகுதியும் போனில் இருக்கிறது, தனியாக வெட்டியெடுத்து வைத்தது.